மிச்ச மருந்தைத் தண்ணீரில் விடாமல் இருப்பது எப்படி

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சாப்பிடாமல் மிஞ்சியதை என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டு வருகிறவர்களும் பெரும்பாலும் வீட்டில் ஒருவரை இழந்துவிட்டு, அவருடைய அலமாரியைக் காலி செய்கிறவர்கள். பை நிறைய இருக்கும்: பாதி கத்தரித்த மாத்திரை அட்டைகள், மூடி ஒட்டிக்கொண்ட சிரப் பாட்டில், வலிக்குத் தடவும் ஜெல், தோலில் ஒட்டும் பட்டைகள். “சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டுவிடக் கூடாதே, கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடலாமா மேடம்?” என்பார்கள். அக்கறையில் கேட்கிற கேள்விதான். ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது முழுப் பதிலும் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொட்டாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்து ஆற்றுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி நம் உடல். விழுங்கிய மாத்திரை எல்லாம் உடலுக்குள்ளேயே செலவாகிவிடுவதில்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை உடல் சிதைப்பதே இல்லை. இரத்தத்தில் சேர்ந்தது அப்படியே சிறுநீரில் வந்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபினை உடல் பெரும்பாலும் மாற்றிவிடும். ஆனால் மாறாமல் வெளியே வருகிற கொஞ்சம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்து ஏறக்குறைய அதே அளவில் மறுபக்கம் வெளியேறும். அந்த நிலையங்கள் பாக்டீரியா தின்று தீர்க்கக்கூடிய கழிவுக்காகக் கட்டப்பட்டவை. வயிற்று அமிலத்தையும் கல்லீரலையும் தாண்டி வேலை செய்யட்டும் என்று நாமே உறுதியாக உருவாக்கிய மூலக்கூறுகள் பல அங்கே உடைவதில்லை. 2022-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 104 நாடுகளின் 258 ஆறுகளில் நீர் எடுத்து, 61 பொருட்களுக்காகச் சோதித்தார்கள். மிக அதிக இடங்களில் கிடைத்தவை கார்பமாசெபின், மெட்ஃபார்மின், காஃபீன் ஆகிய மூன்றும். நீர் எடுத்த இடங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில், ஏதாவது ஒரு பொருளாவது நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பானது என்று கருதும் அளவைத் தாண்டி இருந்தது.

இரண்டாவது வழியில் மருந்து யார் உடலுக்குள்ளும் போவதில்லை. சிங்க்கில் ஊற்றிய சிரப், ஃப்ளஷ் செய்த மாத்திரை, கை கழுவும்போது போகிற ஜெல் எல்லாம் இதில் சேரும்.

முதல் வழிதான் பெரிது. அதை வீட்டிலிருந்து அடைக்க முடியாது, அடைக்க முயலவும் கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, தாமாக அளவைக் குறைக்கவோ கூடாது. உடம்புக்குத் தேவையான மருந்தைச் சாப்பிடுவதில் குற்ற உணர்வு வேண்டியதே இல்லை. இரண்டாவது வழி முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. யாருக்கும் குணம் தராமல், நேராக மீனுக்குப் போகிற மருந்து அது. அதை நிறுத்துவதில் யாருக்கும் எந்த நஷ்டமும் கிடையாது.

மீனுக்கு அதனால் என்ன ஆகும்?

மனித மருந்து மீனை ஏன் பாதிக்க வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. மருந்து பெரும்பாலும் உடலில் குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய் ஒட்டி வேலை செய்கிறது. அந்தப் புரதங்கள் மனிதனுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. வரிக்குதிரை மீன் எனப்படும் சின்ன மீனை எடுத்து 2008-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மனித மருந்துகள் குறிவைக்கும் புரதங்களில் 86 சதவீதத்துக்கு இணையானவை அதனிடமும் இருந்தன. நமக்காவது வேளைக்கு ஒரு மாத்திரை. மீனுக்கு வேளை என்று எதுவும் கிடையாது. செவுள் வழியாக நாள் முழுக்க அந்தத் தண்ணீர்தான் போய்வந்துகொண்டிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் தெளிவாகப் பட்டது கனடாவில் செய்த சோதனை. ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் பல உள்ளன. அவற்றில் ‘ஏரி 260’ என்பதில் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் எத்தினைல் எஸ்ட்ராடியால் கலந்தார்கள். கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஹார்மோன் அது. கலந்த அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம். கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் காணப்பட்ட அளவுகளை ஒட்டியே இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் ஏராளம். அதன் ஆண் மீன்களின் உடலில் முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம் சுரக்க ஆரம்பித்தது. பெண் மீன் மட்டுமே உருவாக்க வேண்டிய புரதம் அது. ஆண்களின் விரைகள் சரியாக வளரவில்லை. சிலவற்றில் முட்டைச் செல்களே தோன்றின. மீன்கள் செத்து மிதக்கவில்லை, பார்வைக்கு ஏரி நன்றாகத்தான் இருந்தது. குஞ்சுகள் மட்டும் வராமல் போயின. சில ஆண்டுகளுக்குள் அந்த இனமே அந்த ஏரியில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. அதைத் தின்று வாழ்ந்த ஏரி ட்ரவுட் மீன்களும் இரையில்லாமல் குறைந்தன. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய பிறகு சில ஆண்டுகளில் மின்னோக்கள் மீண்டும் பெருகின. இந்தக் கடைசிச் செய்தியை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்: மருந்து வருவது நின்றால் ஏரி தேறிக்கொள்கிறது.

இனப்பெருக்கத்தோடு இது நிற்பதில்லை. ஸ்வீடனில் பதற்றத்துக்குக் கொடுக்கும் ஆக்சசெபாம் மருந்தைக் கொண்டு பெர்ச் மீன்களைச் சோதித்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் கலந்த தண்ணீரில் இருந்த மீன்கள் துணிச்சலாக நீந்தின, வேகமாகத் தின்றன, கூட்டத்தை விட்டு விலகின. கேட்பதற்கு நல்லதுபோலத் தோன்றும். ஆனால் சின்ன மீனுக்கு பயமும் கூட்டமும்தான் கவசம்.

முதலில் வாங்குவதைக் கவனியுங்கள்

தூக்கிப் போடுவது எப்படி என்று கேட்பதற்கு முன்னால், ஏன் இவ்வளவு மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். கவுன்டரில் நான் பார்க்கிற பைகளில் பாதி, புதிதாக எழுதிக் கொடுத்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய மருந்துகள். புது மருந்து ஆரம்பிக்கும்போது முதலில் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ மட்டும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், எங்களுக்கு அது சாதாரணக் கோரிக்கை. வாங்க வரும்முன் அலமாரியைத் திறந்து ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது, இன்னும் சாப்பிட வேண்டியவை எவை, நிறுத்தலாம் என்பவை எவை என்று வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுங்கள். அதே வேலையைச் செய்யும் வேறு மருந்து சூழலுக்குக் குறைவாகக் கெடுதல் செய்யுமா என்றும் கேட்கலாம். ஸ்டாக்ஹோமில் மருத்துவர்களுக்கான பரிந்துரைப் பட்டியல் தயாரிக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆன்டிபயாடிக் மிஞ்சவே கூடாது. மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக், அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்குப் பயிற்சி கொடுப்பதாகிவிடும். 2007-இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஆலையை நாம் வீட்டிலிருந்து மூட முடியாது. அந்தச் சுமையோடு நம் பாட்டிலையும் சேர்க்காமல் இருக்கலாம்.

மிஞ்சியதை அப்புறப்படுத்துவது

முதலாவது, சிறந்தது, திரும்பக் கொடுப்பது. ஸ்வீடன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் மருந்தகங்கள் பழைய மருந்தை வாங்கிக்கொள்கின்றன. அது உயர் வெப்ப உலைக்குப் போய் எரிந்துவிடும். உங்கள் ஊரில் அப்படி இருக்கிறதா என்று மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ கேளுங்கள். கொடுக்கும்போது வெளி அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தனியாக எடுத்துவிடலாம். பெயர், நோயாளி எண் எழுதிய ஒட்டியைக் கிழித்துவிடுங்கள்.

திரும்ப வாங்குகிற இடம் இல்லையென்றால் குப்பைதான், ஆனால் அப்படியே தூக்கிப் போடக் கூடாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுங்கள். பொடிக்காதீர்கள், தூள் மூச்சில் போகும். ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையிலோ மூடியுள்ள டப்பாவிலோ போட்டு, ஈர மண், மரத்தூள், பயன்படுத்திய தேயிலைச் சக்கை, இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கிளறுங்கள். யாரும் எடுத்து வாயில் போட நினைக்காத மாதிரி ஆக்குவதுதான் நோக்கம். சிரப்பையும் அதிலேயே ஊற்றுங்கள். உறிஞ்சுகிற அளவுக்கு மண் அதிகமாக இருக்கட்டும். பையை இறுக மூடி, குப்பை வண்டி வருகிற நாளில் வெளியே வையுங்கள்.

இங்கே பலர் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்வார்கள்: காலி சிரப் பாட்டிலைக் கழுவி மறுசுழற்சிக்குப் போடுவது. கழுவிய தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகும்? அடியில் ஒட்டியதைக் கழுவ வேண்டாம். மூடியை இறுக்கி, பாட்டிலோடு குப்பையில் போடுங்கள்.

குப்பை மேட்டிலிருந்தும் மழையில் கொஞ்சம் கசியும் என்பது உண்மை. ஆனாலும் கழிவறையில் கொட்டினால் மொத்தமும் உடனே போகும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் கொட்டினால் அது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரைத் தொடும். தோட்டத்தில் குழி தோண்டிப் புதைப்பதும் அதே கணக்குதான். வீட்டில் எரிக்கவும் கூடாது. அந்தச் சூடு போதாது, புகை நமக்கே கெடுதல்.

சில மருந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். புற்றுநோய் மாத்திரைகளை வெறும் கையால் தொடாதீர்கள், கொடுத்த மருத்துவமனையிலேயே திரும்ப ஒப்படையுங்கள். ஊசிகளை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போடுங்கள். இன்ஹேலர் குப்பியில் ஓட்டை போடவோ நெருப்பில் போடவோ கூடாது.

ஹார்மோன் பட்டையும் கருத்தடை வளையமும் பயன்படுத்தி முடிந்தபின் வெறும் பிளாஸ்டிக் போலத் தெரியும். அப்படி இல்லை. மாதம் ஒன்று வைக்கும் ஒரு வகை வளையத்தில் 2.7 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால் இருக்கிறது. நாளுக்கு 0.015 மில்லிகிராம் வீதம் 21 நாளில் வெளியாவது 0.3 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மீதி 2.4 மில்லிகிராமுக்கு நெருக்கமாக அந்த வளையத்திலேயே இருக்கும். ஏரி 260-இல் இருந்ததுபோல லிட்டருக்கு 5 நானோகிராம் ஆக்க, அந்த மீதி 4,80,000 லிட்டர் தண்ணீருக்குப் போதும். ஒரே வளையம். அதை ஃப்ளஷ் செய்யாமல், வந்த உறையிலேயே திரும்ப வைத்து மூடிக் குப்பையில் போடுவதற்கு அரை நிமிடம் ஆகாது. பட்டையை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு பாதியாக மடித்து, அதேபோல் போடுங்கள்.

இப்போது விதிவிலக்கு. கடும் வலிக்குக் கொடுக்கும் ஃபென்டனில் பட்டை போன்ற ஓபியாய்டு மருந்துகள், பயன்படுத்திய பிறகும், ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கும். உடனே திரும்பக் கொடுக்க வழியில்லையென்றால் அவற்றை மட்டும் ஃப்ளஷ் செய்யச் சொல்லி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு சிறு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மருந்தின் உறைக்குள் இருக்கும் தாளில் அப்படிச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். வீட்டில் குழந்தை இருக்கும்போது அதன் உயிர்தான் முதலில்.

தடவுகிற மருந்து

முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் வாங்காத வீடு குறைவு. தடவுவதில் உடலுக்குள் போவது நூற்றுக்குப் பத்து பங்குகூட இல்லை. மீதி தோலிலும் விரலிலும் துணியிலும் இருந்து கடைசியில் தண்ணீரோடு போய்விடும். மாத்திரையாக விழுங்கினால் உடல் அதைப் பெரும்பாலும் மாற்றிவிடும். ஜெல்லுக்கு அந்த வழி கிடையாது. 1 சதவீத ஜெல் 1 கிராமில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் டைக்ளோஃபெனாக் கலந்த நீரில் சில வாரம் இருந்த வானவில் ட்ரவுட் மீன்களின் சிறுநீரகமும் செவுளும் புண்பட்டதை ஜெர்மனியில் 2004-இல் பதிவு செய்தார்கள். அந்த 1 கிராம் ஜெல் 2,000 லிட்டரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆற்றில் கலந்தால் நீர்த்துப்போகும்தான். ஆனால் தினமும் தடவுகிறவர்கள் எத்தனை பேர்!

செய்ய வேண்டியது மிக எளிது. மருத்துவர் சொன்ன அளவு மட்டும் எடுங்கள். தடவியதும் நேராகக் குழாய்க்குப் போகாதீர்கள். ஒரு காகிதத் துண்டாலோ பழைய துணியாலோ விரல்களையும் விரல் இடுக்கையும் நன்றாகத் துடைத்து, அதைக் குப்பையில் போடுங்கள். அப்புறம் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் படக் கூடாது என்பதால் கழுவுவதை விடக் கூடாது. வலியே கையில் என்றால் தடவிய பின் ஒரு மணி நேரமாவது கழுவாமல் இருங்கள். குளிப்பதும் அப்படித்தான்: குளித்து முடித்துத் தடவுங்கள், தடவி முடித்துக் குளிக்காதீர்கள். ஜெல் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்கிறேன். எளிதாகப் பழக்கத்துக்கு வருவது இதுதான்.

வளர்ப்புப் பிராணிகள், மீன் தொட்டி

நாய்க்கு உண்ணி, தெள்ளுப்பூச்சிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். இங்கிலாந்தில் பயிர்களுக்கு ஃபிப்ரோனில் அடிக்கத் தடை வந்த பிறகும் அது ஆறுகளில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. பிராணிகளுக்கான மருந்துதான் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். மீன்களுக்கு இரையாகும் நீர்ப்பூச்சிகளை அது மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும். மருந்து விட்ட பிறகு உறையில் போட்டிருக்கும் நாள்வரை நாயைக் குளிப்பாட்டவோ குளத்தில் இறக்கவோ வேண்டாம். உண்ணியே இல்லாதபோது மாதாமாதம் விடத் தேவையா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் நான் மீன் வளர்க்கிறேன். தொட்டியில் நோய் வந்தால் மருந்து கலப்போம். சிகிச்சை முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் குளத்திலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டாதீர்கள். மருந்து போடும்போது ஃபில்டரிலிருந்து எடுத்து வைத்த ஆக்டிவேட்டட் கார்பனுக்கு (நுண்துளைகள் நிறைந்த கரி) பதிலாகப் புதிய பை ஒன்றைப் போட்டு, ஓரிரு நாள் ஓட விடுங்கள். பூஞ்சைக்கு மெத்திலின் புளூ போட்ட தொட்டியில் இது கண்ணுக்கே தெரியும். மைபோல இருந்த நீர் மணிக்கணக்கில் வெளுத்து, பின்பக்கம் இருக்கும் செடியின் இலை முதலில் மங்கலாகவும் பிறகு தெளிவாகவும் தெரிய ஆரம்பிக்கும். கரியின் நுண்துளைகளில் மருந்து ஒட்டிக்கொள்கிறது. நிறமில்லாத ஆன்டிபயாடிக்குகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். உப்பை அது பிடிக்காது, செம்பு கலந்த மருந்தை முழுதாகப் பிடிக்காது. வேலை முடிந்த கார்பன் பையை அலசி மறுபடி பயன்படுத்தாமல், கட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஊர் அளவில் கேட்க வேண்டியது

தொட்டியில் நடக்கும் இதே வேலையைச் சுத்திகரிப்பு நிலையத்திலும் செய்யலாம். ஸ்விட்சர்லாந்தில் 2016 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, தேர்ந்தெடுத்த நிலையங்களில் ஆக்டிவேட்டட் கார்பனோ ஓசோனோ சேர்த்து, மருந்து உள்ளிட்ட நுண்மாசுகளில் 80 சதவீதத்தை நீக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் பெரிய நகரங்களுக்கு இப்படிக் கூடுதல் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கி, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நம் உடல் வழியாகப் போகிற மருந்தைத் தடுக்க இதுதான் சரியான இடம். உங்கள் ஊர் நிர்வாகம் கழிவுநீர்த் திட்டம் பற்றி மக்கள் கருத்துக் கேட்டால், மருந்துக்கான சுத்திகரிப்பு அதில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் மருந்தகத்தில், “பழைய மருந்தைத் திரும்ப வாங்குவீர்களா?” என்று கேளுங்கள். இல்லையென்று சொன்னால் அடுத்த முறையும் கேளுங்கள். எங்கள் மருந்தகத்தில் பெட்டி வைத்ததே அப்படிக் கேட்டுக் கேட்டு வந்தவர்களால்தான். கேட்டவர்களின் பெயரை ஒரு நோட்டில் குறித்து வைத்து, மேலிடத்தில் காட்டினோம். இப்போது கவுன்டருக்குப் பக்கத்திலேயே பூட்டோடு இருக்கிறது. மாத்திரை, களிம்பு, இறுக மூடிய சிரப் பாட்டில், மடித்த பட்டை, உறையில் வைத்த வளையம் எல்லாவற்றையும் அதில் போடலாம். ஊசியையும் இன்ஹேலரையும் புற்றுநோய் மருந்தையும் மட்டும் போடாமல் எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.